அம்மா பார்த்த கடாரம்

கெடாவில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறோம்? சுங்கைப்பட்டாணியிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் என் அம்மாவை அங்கே அழைத்துப்போக எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. கடைசியில் குறுக்கே நின்றது மோட்டார் சைக்கிளின் முன்பக்க அப்சோபர்!

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். வாளி சுமந்து முழங்கால் தேய்ந்துவிட்டது. மோட்டாரின் பின்னால் காலைத் தூக்கிப்போட்டு உட்கார முடியாது. காரில் ஏறினாலோ ஐந்தே நிமிடத்தில் தலைசுற்றலும் குமட்டலும். அதனால் முறைப்படி அனுமதி பெற்று, என் பழைய மோட்டாருக்கு இடப்பக்கம் ஒரு பக்கவண்டி பூட்டினேன். மூன்று சக்கர வண்டி தயார்.

முதல் பயணம் தோட்டத்துச் செம்மண் சாலையிலேயே முடிந்தது. ஒரு குழியைக் கண்டு பிரேக்கை அழுத்தினேன். முன்பக்கம் 'டக்'கென்று அடிவரை இறங்கி, வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. எதிரே லோரி வராதது எங்கள் நல்ல காலம். அம்மாவுக்கு இடுப்புப் பிடித்து இரண்டு வாரம் படுக்கை. "எனக்குக் கோயிலும் வேணாம், மலையும் வேணாம்பா. நீ நல்லா இருந்தாப் போதும்" என்றார். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

பட்டணத்தில் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வாத்தியாரே, இந்த அப்சோபர் ரெண்டு பேர் உட்கார்ந்து போறதுக்குச் செஞ்சது. நீங்க ஒரு வீட்டையே பூட்டி இழுக்கிறீங்க!"

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். அப்சோபருக்குள் இருக்கும் ஸ்பிரிங் சுமையைத் தாங்குகிறது. எண்ணெய் துள்ளலை அடக்குகிறது. பிரேக் போட்டால் பாரம் முழுதும் முன்னால் சாய்கிறது. பிரேக் இல்லாத பக்கவண்டியோ நிற்காமல் முன்னே தள்ளுகிறது. அதனால்தான் வண்டி வலப்பக்கம் திரும்பியது. இரண்டு சக்கர வண்டி வளைவில் சாய்ந்து போகும். மூன்று சக்கரம் சாயாது. அந்தப் பக்கவாட்டு விசையையும் முன்பக்கக் கால்கள்தாம் தாங்க வேண்டும். 1955-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ வண்டிகளில், பக்கவண்டி பூட்டுவதை எண்ணியே முன்பக்கத்தைத் தனி அமைப்பாகச் செய்திருந்தார்கள் என்றும் சொன்னார்.

எனக்கு முன்னே மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் அப்சோபர். உள்ளே எண்ணெய் எப்படி இருக்கிறதோ யார் கண்டது? இரண்டு, இளைஞர்கள் விரும்பும் பளபளப்பான பந்தய அப்சோபர். அது கல்போல் கடினம். அம்மாவின் இடுப்புக்கு ஆகாது. மூன்று, என் வண்டியின் அளவுக்கே கொஞ்சம் கனமான ஸ்பிரிங், கெட்டியான எண்ணெய், புதிய சீல். இரண்டு கால்களுக்கும் ஒரே மாதிரி. மூன்றாவதையே தேர்ந்தோம்.

பிறகு அளந்து பார்த்தோம். முன்சக்கரத்தைத் தூக்கிவைத்து ஓர் அளவு. அம்மாவுக்குப் பதில் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஐந்தைப் பக்கவண்டியில் வைத்து, நானும் ஏறி உட்கார்ந்து மற்றோர் அளவு. அப்சோபர் இறங்கக்கூடிய மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை இறங்கியிருந்தால் சரி. அதைவிட அதிகம் இறங்கினால் குழியில் அடிக்கும். இறங்காமலே நின்றால் உடம்பை உலுக்கும். எங்கள் வண்டி சரியாக நின்றது. பக்கவண்டிச் சக்கரத்துக்கும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டேன்.

"அஞ்சு மூட்டை அரிசிதானா நான்?" என்று அம்மா சிரித்தார். ஆனால் ஏற மறுத்துவிட்டார். அந்த ஐந்து மூட்டையோடு அதே குழியில் பிரேக் போட்டு அவர் கண்ணெதிரே மூன்று முறை ஓட்டிக் காட்டினேன். பிறகுதான் ஏறினார்.

பீடோங், செமிலிங் வழியாக மெதுவாகப் போனோம். வலப்பக்கம் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு நின்றது. வழியில் சுங்கை பத்து. 2009-இல் அங்கே நடந்த அகழாய்வில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடங்கள் வெளிப்பட்டன. இராசேந்திர சோழனின் கடற்படை 1025-இல் வந்த கடாரம் இந்த வட்டாரமே என்பர். மலையடிவாரத்தில் 1980-இல் திறக்கப்பட்ட அரும்பொருளகமும், புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளமும் இருக்கின்றன. 1936, 37-இல் ஆராயப்பட்ட அக்கோயில் 1960 வாக்கில் சீரமைக்கப்பட்டது.

அம்மா ஊன்றுகோலுடன் மெல்ல நடந்து, அரும்பொருளகத்தில் இருந்த பழைய செங்கற்களின் முன்னே நின்றார்.

"எங்க அப்பா கால்வாய் வெட்டுறப்போ இந்த மாதிரிக் கல்லு நிறைய வருமாம். என்னன்னு தெரியாம அடுப்புக்கு முட்டுக் கொடுத்தோம்னு சொல்வாரு. நமக்கு முன்னாடியே இங்க ஆளுங்க இருந்திருக்காங்கப்பா" என்றார்.

பாடப்புத்தகத்தைத் திறந்து எத்தனையோ முறை கடாரத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் பாட்டன் மண்வெட்டியால் அதைத் தொட்டிருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வாசகர்களே, வண்டிக்கு வண்ண விளக்கும் ஒலிபெருக்கியும் பூட்டுமுன் முன்பக்க அப்சோபரைப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு ஒருநாள் மெர்போக் போய்வாருங்கள். அவர்களிடமும் சொல்லாத கதை ஒன்று இருக்கக்கூடும்.