முத்திரையில்லாத தேறல்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கும் அரிக்கமேட்டை உலகத் தொல்லியல் வரைபடத்தில் ஏற்றியவை சில ஓட்டுத்துண்டுகள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பட்டறைகளோடு தொடர்புடைய செந்நிறப் பாண்டங்களில் விபி, கமூரி, இட்டா என்று படிக்கத்தக்க முத்திரைகள் கிடைத்தன. அவை பாண்டம் செய்தவர்களின் பெயர்கள். கூடவே மது வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. பின்னாளில் அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத் தீவான கோஸின் ஜாடி வகை அவற்றில் முக்கிய இடம் பெறுவதைக் காட்டினார். இரண்டு கம்பிகளை ஒட்டவைத்தாற்போன்ற கைப்பிடியே அந்த ஜாடியின் அடையாளம். கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். அதைப் போலச் செய்வதற்கு ரோமானிய எழுத்தாளர் கேட்டோ செய்முறையே எழுதிவைத்திருக்கிறார். மதுவைப் போல ஜாடியின் வடிவத்தையும் இத்தாலியர் நகலெடுத்தார்கள். இன்றைக்குப் பிரபல பிராண்டுக்கு நேர்வது அன்றைக்கே நேர்ந்திருக்கிறது.

அரிக்கமேட்டிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போனால் மரக்காணம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் திண்டிவனம். அந்த நகரத்துக்குள்ளேயே அடங்கிப்போன கிடங்கில் பகுதியில்தான் சங்ககாலத்தில் ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் கோட்டை இருந்தது. அதன் சிதைவுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து யாரும் வருவதில்லை. உள்ளூர்க்காரர்களே நின்று பார்ப்பது அரிது. அரிக்கமேட்டுக்கு ஒரு வரலாறும் கிடங்கிலுக்கு வேறொரு வரலாறும் வாய்த்ததற்கு, பெரிய துறைமுகம், சிறிய கோட்டை என்ற அளவு வேறுபாட்டைவிட முக்கியமான காரணம் முத்திரை என்றே நினைக்கிறேன். பெயர் பொறித்த சரக்கு வந்த இடத்தை நாகரிகம் வந்த இடமாக எண்ணிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தால் ஓய்மாநாட்டின் சொந்த மது கணக்கிலேயே சேராமல் போய்விட்டது.

முத்திரை எப்போது தேவைப்படுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். இத்தாலியக் கரையில் கோசா துறைமுகத்தைச் சேர்ந்த செஸ்தியஸ் குடும்பம் தன் ஜாடிகளில் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தது. மார்சேய் அருகே மூழ்கிய கப்பலில் அந்த ஜாடிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து அமெரிக்காவின் கென்டக்கியில் இதே தேவை மறுபடி எழுந்தது. அங்கே பர்பன் விஸ்கி பீப்பாய் பீப்பாயாக விற்கப்பட்டது. இடையிலிருந்தவர்கள் கலப்படம் செய்தார்கள். மருந்து விற்பனையாளரான ஜார்ஜ் கார்வின் பிரவுன் 1870-ல் லூயிவில் நகரில் தம் விஸ்கியை மூடி முத்திரையிட்ட கண்ணாடிப் புட்டியில் மட்டும் விற்கத் தொடங்கி, லேபிளில் கையெழுத்தோடு உறுதிமொழியும் அச்சிட்டார். ஓல்ட் ஃபாரஸ்டர் என்ற அந்தப் பெயர் இன்றும் அவர் குடும்பத்தின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனத்திடமே இருக்கிறது. இரண்டு இடத்திலும் மது செய்தவரைக் குடிப்பவருக்குத் தெரியாது. நடுவில் கடலோ பல கைகளோ இருந்தன. அந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் பெயர்.

இனி ஓய்மாநாட்டுக்கு வருவோம். நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடன் மேல் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. பரிசில் பெற்ற பாணன் வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு. அந்த வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம்; அதை இன்றைய மரக்காணமாகக் கொள்வது வழக்கம். அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், ஒட்டகங்கள் படுத்து உறங்குவதுபோலக் கரையில் கிடக்கின்றன. (தமிழ்க் கரைக் காட்சிக்கு ஒட்டகத்தை உவமை சொன்ன புலவர் அதை எங்கே பார்த்தாரோ!) அந்தக் கட்டைகளை எரித்து மீன் சுடுகிறார்கள், நுளையர் வீட்டுப் பெண் வடித்தெடுத்த நாள்பட்ட தேறலைப் பரதவர் பாணனுக்கு ஊட்டுகிறார்கள், தொட்டுக்கொள்ள அந்தச் சுட்ட குழல்மீன். ஆக, இந்தக் கரையில் மது வடிக்கப்பட்டது, வைத்திருந்து பழமையாக்கப்பட்டது, அந்தப் பழமை பாராட்டப்பட்டது. செய்தவள் யார் என்பதும் ஊருக்குத் தெரியும். அவள் பானையில் எதற்கு முத்திரை? காய்ச்சி இறக்கும் சாராயம் அன்றே இருந்தது என்று இதை வைத்து யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாட்டு அவ்வளவு சொல்லவில்லை.

பரிசில் வாங்கப் பாடிய பாட்டு எப்படி ஆதாரமாகும் என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்விதான். மன்னனின் கொடையையும் வீரத்தையும் பற்றிய அடிகளை நானும் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் மீனவர் குடியில் எந்த மீனைச் சுட்டார்கள், எந்த விறகு எரிந்தது என்பதை மிகைப்படுத்தி நல்லியக்கோடனிடம் புலவர் எதைக் கூடுதலாகப் பெற்றிருக்க முடியும்? புகழ்ச்சிக்குப் பயன்படாத விவரத்தில் புனைவின் தேவை குறைவு. அந்த வழியின் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. எயிற்பட்டினத்துக்கு அடுத்து வேலூர், ஆமூர், பிறகு கிடங்கில் என்று கடலிலிருந்து உள்நாட்டுக்கு நகர்கிறது பாட்டு. மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்குப் போகும் திசையும் இதுதான். ஓய்மாநாடு என்ற பெயரும் கற்பனை இல்லை; சோழர் கல்வெட்டுகள் வரை அது தொடர்கிறது. கிடங்கில் என்ற ஊர்ப்பெயரைத் தாங்கிய புலவர்கள் நற்றிணையிலும் குறுந்தொகையிலும் இருக்கிறார்கள்.

எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்பதற்கு மண்ணிலிருந்து முடிவான சான்று வந்துவிட்டதா என்பது அடுத்த மறுப்பு. கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ் இக்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறது. பொதுகேயை அரிக்கமேடு என்றும், சோபட்மாவை எயிற்பட்டினமாகிய மரக்காணம் என்றும் அறிஞர் பலர் கொள்கிறார்கள். அது பொருத்தத்தால் வந்த முடிவே, எழுத்துச் சான்றால் வந்தது ஆகாது. முத்திரை இருந்தால் இந்தச் சிக்கல் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முத்திரையும் வழிதவற வைக்கும். இத்தாலியப் பாண்டங்களை அச்சாணியாக வைத்தே வீலர் அரிக்கமேட்டின் காலத்தைக் கணித்தார். அது ரோமானிய வணிகத்துக்காக எழுந்த ஊர் என்ற எண்ணம் வலுப்பட்டது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் தோண்டியபோது, அதற்கும் முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தது தெளிவானது. அந்தச் செய்தியைச் சொன்னது பெயரில்லாத உள்ளூர்ப் பானைகள். மத்தியதரைக்கடல் சரக்கு என்று வீலர் கருதிய ரௌலட்டட் வகைப் பாண்டமும் இந்தியக் களிமண்ணில் செய்ததே என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இன்னொன்றும் உண்டு. முத்திரை செய்தவரைச் சொல்லும்; குடித்தவரைச் சொல்லாது. பாண்டிய மன்னன் நன்மாறன் யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றில் பாடுகிறார். அது அரண்மனைப் பொருள். மேற்குக் கரையின் முசிறிக்கு மது போனது உண்மை, ஆனால் அதிகமில்லை என்கிறது பெரிப்ளூஸ். அரிக்கமேட்டு ஜாடிகளில் ஒரு பகுதியை அங்கே தங்கிய வணிகர்களே தீர்த்திருக்கலாம். அதே அரிக்கமேட்டில் தமிழ் பிராமியில் கீறிய ஓடுகளும் கிடைத்தன. அவற்றில் ஆள் பெயர்கள் இருக்கின்றன, பெரும்பாலும் பானைக்கு உரியவரின் பெயர்கள் என்றே கொள்ளப்படுகிறது. எழுதத் தெரிந்த சமூகம்தான். ஆனால் செய்தவர் பெயரைவிட வைத்திருப்பவர் பெயரை எழுதுவதே அதற்குத் தேவையாக இருந்தது. ஆகவே முத்திரையில்லாமையைப் பின்தங்கல் என்று சொல்லக் காரணம் இல்லை.

பெயரில்லாத மதுவுக்குப் புகழ்மாலையா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், மீனவர் ஊரில், மெத்தனால் கலந்த சாராயம் பத்துப் பேருக்கு மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. தொழிற்சாலை இரசாயனம் பல கை மாறி, மூலம் தெரியாமல் ஊருக்குள் வந்து சேர்ந்தது. கென்டக்கிப் பீப்பாய்க்கு நேர்ந்த அதே இடைவெளி இங்கே கொலைகாரனானது. எயிற்பட்டினத்துத் தேறலுக்கும் இதற்கும் ஒப்புமை கடற்கரை மட்டுமே. அங்கே வடித்தவளும் குடித்தவரும் ஒரே குப்பத்தில் இருந்தார்கள்.

அந்தப் பழைய தேறலை இன்று தேட வழியும் இருக்கிறது. பானையின் நுண்துளைகளில் ஊறிய திரவத்தின் எச்சத்தை வேதியியல் ஆய்வால் கண்டறியும் முறை உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. அரிக்கமேட்டு ஜாடிக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை மரக்காணத்து மணலிலும் கிடங்கில் மேட்டிலும் கிடைக்கும் சாதாரணக் கருப்பு சிவப்புப் பானை ஓடுகளுக்குக் காட்டலாம். அவற்றைக் கழுவி எண் போட்டு மூட்டை கட்டுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும்; கழுவிய ஓட்டில் எச்சமும் கரைந்து போயிருக்கலாம்.