போத்தாக் தலையில் நாலு முடி!

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மூவார் நகருக்குச் சற்றுத் தெற்கே கடலோரமாக இருக்கிறது பாரிட் ஜாவா. பலரும் இங்கே வருவது 'அசாம் பெடாஸ்' சாப்பிடத்தான். புளிப்பும் காரமும் தூக்கலான மீன் குழம்பு. நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். சாப்பிட்ட கையோடு படகுத்துறைக்கு நடந்தால் இன்னொரு விருந்து உண்டு. கடல் வற்றும் நேரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மலாக்கா நீரிணையின் தண்ணீர் இறங்க இறங்க, சேற்றுவெளி நீண்டுகொண்டே போகிறது. நண்டும் மீனும் தேடிக் கொக்குகளும் நாரைகளும் இறங்குகின்றன. நான் பார்க்கப் போனது, ஒரு மீட்டருக்கு மேல் உயரமும் கனத்த அலகும் கொண்ட ஒரு பெருநாரையை.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த அறுபது வயதுத் தமிழர், "என்னம்மா தேடுறீங்க?" என்றார். போனில் படத்தைக் காட்டினேன்.

"அட, போத்தாக்கா? அந்தா நிக்குது பாருங்க."

வெறும் கண்ணாலேயே அலையாத்தி மரங்களின் ஓரத்தைக் காட்டினார். கறுப்புக் கட்டைபோல் ஏதோ தெரிந்தது. பைனாகுலரைத் திருப்பினேன். அதேதான்! மலாயில் 'போத்தாக்' என்றால் வழுக்கை. பொருத்தமான பெயர்.

பைனாகுலரை அவரிடம் நீட்டினேன். "விலை ஜாஸ்தியா இருக்குமேம்மா" என்று தயங்கினார். வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பார்த்தவர், சிறிது நேரம் பேசவே இல்லை.

"சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன். போத்தாக்னு சொல்றோம், தலையில நாலு முடி இருக்கேம்மா!"

பிறகு அவரே வழிகாட்டியானார். தண்ணீர் வற்றத் தொடங்கும்போதே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் பறவைகள் தூரம் போய்விடும் என்றார். பைனாகுலர் பறவையை எட்டு மடங்கு பெரிதாக்கலாம். எந்தப் பக்கம் திருப்புவது என்பதை ஊர்க்காரர் கண்தான் சொல்லும்.

தஞ்சோங் பியாய், கூக்குப் தீவு, சுங்கை பூலாய் என ஜொகூரின் 3 சதுப்பு நிலங்கள் 2003-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அந்த மூன்றில் பாரிட் ஜாவா இல்லை. இத்தகைய கரைகளில் ஒரு பறவை வராமல் போனால், அதை முதலில் கவனிக்கப்போவது தினமும் அங்கே நிற்பவர்கள்தான்.

அடுத்த முறை பழவேற்காடோ கோடியக்கரையோ போனால், படகோட்டும் அண்ணனிடமும் பைனாகுலரைக் கொடுங்கள். முதலில் வாரைக் கழுத்தில் மாட்டச் சொல்லுங்கள். இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்வரை மடக்கி, பிறகு நடுச் சக்கரத்தைத் திருப்பினால் போதும். ஒரு நிமிட வேலை.