வானத்துக் கண்ணும் சேற்றுக் காலும்

பல வருஷங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். உப்பங்கழி ஓரத்துக் குப்பம் ஒன்றில் நடக்கிற கதை. அதில் ஒரு விறகுவெட்டி வருவான். இரவோடு இரவாகப் படகில் போய்ச் சதுப்பு நிலத்து மரங்களை வெட்டி விற்பான். காடு மொட்டையாகும். கடைசியில் கடல் வந்து அவன் குடிசையையே கொண்டுபோகும். தர்மம் ஜெயித்ததில் வாசகர்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. அப்படிப்பட்ட காடு ஒன்றை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கதையைப் புதிய தொகுதியில் சேர்க்கலாமா என்று பதிப்பாளர் கேட்டு எழுதியிருந்த சமயத்தில், சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பழைய சிநேகிதர். செயற்கைக் கோள் எடுக்கும் படங்களைப் படித்துச் சொல்வது அவருக்கு உத்தியோகம். “நாளைக்குப் பிச்சாவரம் போகிறேன், வாருமேன்” என்றார். பாயசம் கொடுத்த தைரியத்தில் சரி என்றேன்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால், இப்போது கோயிலை விட்டுக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போக வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, அவை கடலில் விழுகிற இடத்தில், அலையாத்தியும் சுரபுன்னையும் வளர்ந்த காட்டில் தில்லையும் நிற்கிறது. 1,100 ஹெக்டேருக்குக் குறையாத சதுப்பு அது. ஓடைகளில் கழுத்தளவுத் தண்ணீரில் சிலர், ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருளர்கள் என்று சிநேகிதர் சொன்னார்.

படகுத்துறையில் அவர் படத்தை விரித்தார். காடு முழுவதும் ஒரே சிவப்பு! நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை ஒளியை இலைகள் ஏராளமாகத் திருப்பி அனுப்புகின்றனவாம். அந்த ஒளியைப் படத்தில் சிவப்பாகக் காட்டுவது வழக்கமாம். 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, 16 நாளுக்கு ஒரு தடவை, அதே இடத்தை அது மறுபடி பார்க்கிறது. ஆனால் முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் நிலம் அதற்கு ஒரே ஒரு புள்ளி.

படகுக்காரப் பெரியவர் துடுப்பை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். முகத்துவாரத்தைக் கண்டுபிடித்ததும் அவர் விரல் தானாக ஓடைகளில் நடக்கத் தொடங்கியது. வெளிறிய சிவப்பாக இருந்த ஓர் இடத்தில் நின்றது.

“இங்கே கன்றுகள் தழைக்கின்றன போலிருக்கிறது” என்றார் சிநேகிதர்.

“இல்லீங்க ஐயா. அது உமரி. மரம் வராத எடத்துலதான் உமரி வரும்.”

“ஏன் மரம் வரவில்லை, பெரியவரே?” என்று நான் கேட்டேன். என் விறகுவெட்டி மனசுக்குள் கோடரியோடு தயாராக நின்றான்.

“எங்க பாட்டன் காலத்துலேருந்து சர்க்காருதாங்க முறை போட்டு வெட்டிச்சு, வட்டாரம் வட்டாரமா, மொட்டையா. வெட்டின தரை வெயில்ல காஞ்சு அமுங்கிப் போச்சு. இப்ப அது கிண்ணம் மாதிரி. ஓதம் ஏறுனா தண்ணி உள்ள வரும், எறங்கறப்ப வெளிய போவாது. அங்கனயே நின்னு காஞ்சு உப்பாப் போயிடும். அதுல வெதை விழுந்தா மொளைக்குமா? பழிய மட்டும் எங்க மேல போட்டாங்க. வெறவு வெட்டினான், மாடு மேய்ச்சான்னு.”

நான் சிநேகிதர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்பட்ட அந்த மொட்டை வெட்டு 1970-கள் வரை நடந்திருக்கிறது. காடு அழிந்ததற்கு அதுவே முக்கியக் காரணம் என்று ஆராய்ச்சிக்காரர்களும் பின்னால் எழுதியிருக்கிறார்கள். நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் ஜனங்களும் சேர்ந்து, மீன் முள்ளைப் போல நடுவே ஒரு வாய்க்காலும் இரு பக்கமும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டினார்கள். ஓதம் தாராளமாக வந்து போயிற்று, உப்புக் கரைந்தது, கன்றுகள் பிடித்தன. 1986-ஆம் வருஷத்துப் படத்தையும் 2002-ஆம் வருஷத்துப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, காடு ஏறக்குறைய 90 சதவீதம் பெருகியிருந்ததாம்.

“அவ்வளவு பெருகியிருக்கிறதா, பெரியவரே?” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதுங்க. நான் போற வாய்க்கால் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். வாய்க்கால் தூந்துபோனா வருஷா வருஷம் சேத்தை அள்ளணும், அது தெரியும்” என்று துடுப்பை எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. தமக்குத் தெரிந்தது எதுவரை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வானத்துக் கண்ணுக்குக் காடு முழுவதும் தெரிகிறது. எந்த இடத்தில் சிவப்பு மங்குகிறது என்று சொல்லிவிடுகிறது. ஏன் மங்குகிறது என்பதைச் சேற்றில் கால் வைத்தவன்தான் சொல்ல வேண்டும். இவனைக் கேட்காமல் மேலிருந்து பார்த்தே தீர்ப்புச் சொன்னால், காடும் பிழைக்காது, நியாயமும் பிழைக்காது. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. யார் காட்டை அழித்தார்கள் என்று சொன்னோமோ, அந்தக் காட்டினால் உயிர் தப்ப வேண்டியவர்களும் அவர்கள்தாம்.

சிநேகிதர் பென்சிலை எடுத்து, அந்த வெளிறிய இடத்தில் ‘உமரி’ என்று எழுதிக்கொண்டார். அவருக்குத் திருத்தம் சுலபமாக முடிந்துவிட்டது. என்னுடையதோ அச்சேறி, நாலு பேர் படித்து, நம்பியும் விட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பதிப்பாளருக்கு ஒரு கார்டு போட்டேன், அந்தக் கதை வேண்டாம் என்று. காரணம் கேட்டார். செய்யாத குற்றத்துக்காக அந்த விறகுவெட்டி இத்தனை வருஷம் தண்டனை அனுபவித்தது போதும், விடுதலை செய்துவிட்டேன் என்று பதில் எழுதினேன்.