பெஞ்சுக்கு ஒரு ஜே!

பெஞ்ச் என்றாலே நமக்குக் கொஞ்சம் அலர்ஜி. பள்ளிக்கூடத்தில் அதன் மேல் ஏறி நிற்பது தண்டனை. சாஃப்ட்வேர் கம்பெனியில் அதில் உட்கார்ந்திருப்பது தண்டனை. அமெரிக்காவின் என்.பி.ஏ. பாஸ்கட்பாலில் மட்டும், பெஞ்சைச் சரியாக அமைக்கத் தெரியாத டீமுக்குத் தண்டனை!

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு மேட்ச் 48 நிமிஷம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். பெருக்கினால் 240. முதல் ஐந்து பேரும் ஆளுக்கு 35 நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடினாலும் 175தான் ஆச்சு. பாக்கி 65 நிமிஷத்தை யார் ஓடுவது? பெஞ்சில் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆசாமிகள்தான். ஒரு சீசனுக்கு 82 மேட்ச். ஸ்டார்கள் சேர்த்து வைத்த லீடை அந்த 65 நிமிஷத்தில் கரைக்காமல் இருந்தாலே கோடி புண்ணியம்.

ஜூனில் ஃபைனல்ஸ் முடியும். அடுத்த சீசன் அக்டோபர் கடைசியில். இடைப்பட்ட கோடையில் ஆட்டக்காரர்களுக்கு லீவு. மேனேஜர்களுக்குத்தான் அப்போது மேட்ச். பணம் இருந்தால் ஆள் வாங்கிவிடலாமே என்பீர்கள். முடியாது சார். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2014-15 சீசனுக்கு அது சுமார் 63 மில்லியன் டாலர். ஸ்டார்களுக்கே அது தீர்ந்துவிடும். வரம்பைத் தாண்டிய டீமுக்கு விதிவிலக்காக 5.3 மில்லியன் அளவில் ஒரு சின்னத் தொகை. அதற்கப்புறம் குறைந்தபட்சச் சம்பளம்தான். வாடகை, மளிகை, ஸ்கூல் ஃபீஸ் போக மிஞ்சின காசில் குடும்பம் முழுசுக்கும் தீபாவளித் துணி எடுக்கிற சமாசாரம்!

அந்த 2014 கோடையில் ஓக்லண்டின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் செய்த ஷாப்பிங்கைச் சொல்கிறேன்.

அதற்கு முந்தின கோடையில் அவர்கள் ஆண்ட்ரே இக்வடாலா என்ற பெரிய புள்ளியைக் கொண்டுவந்தார்கள். அதே கோடையில் பெஞ்சின் தூண்களான ஜாரெட் ஜாக்கும் கார்ல் லாண்ட்ரியும் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். ஹால் பிரமாதம், சமையலறையில் அடுப்பில்லை என்கிற கதை. 51 மேட்ச் ஜெயித்தும் 2014 பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனார்கள். கோச்சுக்கும் சீட்டுக் கிழிந்தது.

புது கோச், ஸ்டீவ் கெர். அதற்கு முன் எந்த டீமுக்கும் கோச்சாக இருந்ததில்லை. ஆனால் பெஞ்சைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க ஆள் கிடையாது. ஆடிய காலத்தில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தவர். 1997 ஃபைனல்ஸ் ஆறாவது மேட்சில், கடைசி விநாடிகளில் சாட்சாத் மைக்கேல் ஜோர்டானே பந்தை இவரிடம் தள்ள, இவர் போட்ட கூடையில்தான் சிகாகோ புல்ஸுக்குக் கோப்பை.

ஜூலையில் வாரியர்ஸ் அந்தச் சின்னத் தொகையில் பிடித்த ஆள் ஷான் லிவிங்ஸ்டன். 2004-ல் ஸ்கூலிலிருந்து நேராக என்.பி.ஏ.வுக்குத் தாவிய பையன். 2007-ல் ஒரு மேட்சில் தப்பாக இறங்கி இடது முட்டி அப்படியே பிசகிக்கொண்டது. லிகமென்ட்டுகள் அறுந்து, காலையே எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்ன கேஸ். மறுபடி நடக்கப் பழகி, அரை டஜனுக்கு மேல் டீம்களில் தங்கி எழுந்து வந்தவருக்கு, மூன்று வருஷத்துக்குச் சுமார் 16 மில்லியன். அப்புறம் பிரேசில்காரர் லியாண்ட்ரோ பார்போஸா. 2007-ல் சிறந்த ஆறாவது ஆள் விருது வாங்கியவர். 2013-ல் அவருக்கும் முட்டி போச்சு. வந்தது குறைந்தபட்சச் சம்பளத்துக்கு.

இரண்டு ரிப்பேர் முட்டிகள்! பேப்பரில் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் இருவருக்கும் ஒரு குணம் பொது. ஆட்டமே போச்சு என்ற நிலையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். கிடைத்த பதினைந்து இருபது நிமிஷத்தைப் பிரசாதம் மாதிரி கையில் வாங்கிக்கொள்வார்கள்.

மூன்றாவது ஆளுக்குத்தான் பைசா செலவில்லை. ஆனால் அதுதான் ரொம்பக் கஷ்டம். கெர், இக்வடாலாவையே பெஞ்சில் உட்காரச் சொன்னார். அதுவரை ஆடிய 758 மேட்சிலும் முதல் ஐந்து பேரில் ஒருவராக இறங்கியவர். ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அவர் இடத்தில் இருபத்திரண்டு வயது ஹாரிசன் பார்ன்ஸ். காரணம் இருந்தது. பையன் ஸ்டார்களோடு சேர்ந்து ஆடினால் தேறுவான். பெஞ்ச் கோஷ்டிக்கோ விவரம் தெரிந்த ஒரு தலைவன் வேண்டும். நியாயம்தான். ஆனால் உங்கள் நாற்காலியில் ஜூனியரை உட்கார வைத்து இதே நியாயத்தைச் சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

நான் பெஞ்சில் இருந்தவன் என்பதால் கேட்கிறேன். 2002-ல் சென்னையில் ஒரு கம்பெனியில் நாலு மாசம். சம்பளம் ஒழுங்காக வந்தது. காலையில் கையெழுத்து, பதினொரு மணிக்கு டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு. ஊரில் அப்பா, "என்னப்பா, வேலை ஜாஸ்தியா?" என்று போனில் கேட்கும்போது மட்டும் தொண்டை அடைக்கும். உட்கார்ந்திருப்பது கஷ்டமில்லை. எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு மனுஷனும் சொல்லாததுதான் கஷ்டம். மூன்றாவது மாசம் ஒரு டீம் லீடர் வந்து, "நீங்க இந்த மாட்யூலை டெஸ்ட் பண்ணுங்க. உங்க கண்ணு இதுக்கு வேணும்" என்றார். சின்ன வேலைதான். அன்றைக்கு நான் பஸ்ஸில் நின்றுகொண்டே பாட்டு முணுமுணுத்தேன்.

கெர் செய்தது அதைத்தான். உன்னை ஒதுக்கவில்லை, உனக்கு இந்த வேலை இருக்கிறது என்று புரிய வைத்தார். இக்வடாலா ஒப்புக்கொண்டார். அந்த சீசனில் 67 வெற்றி. லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் முதலில் இறங்கவில்லை.

2015 ஃபைனல்ஸ். எதிரே க்ளீவ்லாண்ட், லெப்ரான் ஜேம்ஸ். வாரியர்ஸ் ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கி நிற்கிறார்கள். அப்போது நிக் யூரென் என்ற இருபத்தெட்டு வயது உதவியாளர் ஒரு யோசனை சொன்னார்: ஏழடி ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்து இக்வடாலாவை இறக்கலாம். கெர் கேட்டார். (ஜூனியர் சொன்னதை பாஸ் கேட்டார்! கேட்டதோடு, யோசனை யாருடையது என்று வெளியிலும் சொன்னார்! இதை வெட்டி உங்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம்.)

நமக்கு அது வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. பால் பொங்குகிறது என்று வீட்டில் கத்தினது என் காதில் விழவில்லை. 103-க்கு 82. இக்வடாலா 22 பாயின்ட். அடுத்த இரண்டும் வாரியர்ஸுக்கே. நாற்பது வருஷத்துக்குப் பிறகு கோப்பை. ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர், சீசன் பூரா பெஞ்சில் உட்கார்ந்த இக்வடாலா!

பெஞ்ச் மந்திரக்கோல் இல்லை. அடுத்த வருஷமே 73 மேட்ச் ஜெயித்துவிட்டு, ஃபைனல்ஸில் க்ளீவ்லாண்டிடம் தோற்றார்கள். இருந்தாலும் லிவிங்ஸ்டன் 2019-ல் ஓய்வு பெற்றபோது, எடுக்க வேண்டியிருக்கலாம் என்ற அந்தக் காலோடு மூன்று சாம்பியன்ஷிப் பார்த்திருந்தார்.

அதே 2019-ல் இக்வடாலாவின் சுயசரிதை வந்தது. ஒலிம்பிக் தங்கம், ஃபைனல்ஸ் விருது என்று தலைப்பு வைக்க எவ்வளவோ இருந்தது. மனுஷர் வைத்த பெயர் ‘த சிக்ஸ்த் மேன்’. அதாவது, ஆறாவது ஆள்.