மணலில் புதைந்த சக்கரம்

தார்ச்சாலையை விட்டு இறங்கி, மணலும் சேறும் கல்லுமாகக் கிடக்கும் நிலத்தில் பிக்கப் வண்டியை ஓட்டிப் பழக வேண்டும் என்ற ஆவல் நம் இளைஞர்களிடையே வளர்ந்து வருவதை நான் மகிழ்ச்சியோடு கவனித்து வருகிறேன். ஆனால், வண்டி வாங்கிய சூட்டோடு அவர்கள் கடையில் விசாரிக்கும் முதற்பொருள் பெரும்பாலும், வடத்தை உருளையில் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச்சாகவே இருக்கிறது. முன்பம்பரில் கம்பீரமாக வீற்றிருக்கும் அந்த யந்திரத்தின்மேல் ஆசை எழுவது இயல்பே. எனினும், புதைந்த வண்டியை மீட்கும் சாதனங்களுக்குள் ஒரு கிரமம் உண்டு என்பதையும், குறைந்த பலத்தால் காரியத்தை முடிப்பவை முன்னும், மிகுந்த பலத்தைப் பிரயோகிப்பவை பின்னுமாக அந்தக் கிரமம் அமைந்திருக்கிறது என்பதையும் ஆரம்பத்திலேயே அறிந்துகொள்பவர், பணத்தை மட்டுமன்றிச் சில சமயம் உயிரையும் காத்துக்கொள்கிறார் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இதைக் கற்றுக்கொள்ளத் தமிழ்நாட்டில் தேரிக்காட்டைக் காட்டிலும் தகுந்த பள்ளிக்கூடம் வேறில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தை ஒட்டி, சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை வட்டாரங்களில் பனையும் உடைமரமும் முந்திரியும் நிற்க, இரும்பின் துரு படிந்து சிவந்த மணல் மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கிறது. ஆடிமாதக் காற்று எழும்போது அம்மணல் இடம்விட்டு இடம் நகர்ந்து, நேற்றிருந்த தடத்தை இன்று மூடிவிடுகிறது. குதிரைமொழித் தேரி காப்புக்காடாகையால் அங்கே அனுமதியின்றி வண்டியை இறக்குவது தகாது. விளைகள் எனப்படும் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் வண்டித்தடங்களே பழகுவதற்குத் தாராளமாகப் போதும். உலர்ந்த மணலில் ஒரு துகளை இன்னொரு துகளோடு பிணைப்பது எதுவும் இல்லை. ஆகையால் நின்ற இடத்திலேயே சுழலும் சக்கரம் மணலைப் பின்னுக்கு வாரி எறிந்து, தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு இறங்குகிறது. அச்சு மணலில் அமர்ந்து வண்டியின் பாரத்தைத் தாங்கத் தொடங்கியபின், எஞ்சினின் சக்தி எவ்வளவு பெரிதானாலும் அதனால் ஒரு பயனும் இல்லை.

உடன்குடிக்கு அருகே ஒரு விளையோரத்தில், கருப்பட்டி ஏற்றிய சிறிய பிக்கப் ஒன்று பின்சக்கரங்கள் புதைய நின்றுவிட, அதை ஓட்டிவந்த பையன் ஆக்ஸிலேட்டரை மேலும் மேலும் மிதித்துக்கொண்டிருந்ததைப் பங்குனி வெயிலில் நின்று பார்த்திருக்கிறேன். பனை நிழலில் அமர்ந்திருந்த முதிய டிரைவர் ஒருவர் எழுந்து வந்தார்.

“மிதிக்காத தம்பி, மிதிக்க மிதிக்க உள்ளதான் போவும். மொதல்ல காத்த எறக்கு.”

“காத்த எறக்கினா டயரு போயிராதா, அண்ணாச்சி?”

“மெதுவா ஓட்டுனா ஒண்ணும் ஆவாது. எறங்கு, நான் காட்டுதேன்.”

அவர் சாவியின் நுனியால் வால்வை அழுத்தி நான்கு டயர்களிலும் காற்றை ஒரே நிதானத்தில் இறக்கினார். டயரின் பக்கச்சுவர் மெல்லப் பிதுங்கி வருவதைக் கண்ணால் பார்த்தே அளவு கண்டார். பிறகு இருவருமாகச் சக்கரங்களின் முன்னிருந்த மணலைக் கையால் வாரி ஒதுக்கி, அங்கே பனையோலைகளைப் பரப்பினார்கள். பையன் கிளட்சை மெல்ல விட்டபோது வண்டி முனகிக்கொண்டே மேலேறி வந்தது. கயிறு ஒன்றுக்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

அந்தப் பெரியவர் கண்ணால் கண்ட அளவைப் புதியவர் ஏர்கேஜால் காண வேண்டும். ஆகவே என் பட்டியலில் முதலிடம் அந்தச் சிறிய கருவிக்கே. சாலையில் சதுர அங்குலத்துக்கு 32 முதல் 35 பவுண்டு வரை காற்றுள்ள டயர், மணலில் 15 முதல் 18 பவுண்டுக்கு இறக்கப்பட்டால், தரையைத் தொடும் அதன் தடம் அகலத்தில் சற்றும் நீளத்தில் மிகுதியாகவும் விரிகிறது. அதே பாரம் அதிகப் பரப்பில் பரவுவதால் மணல் அதைத் தாங்கிக்கொள்கிறது. பாரம் ஏற்றிய வண்டிக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே காற்று வேண்டும். மிகவும் இறக்கிவிட்டாலோ, வேகமாக வளைக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றாமல் சாலையில் விரைந்தால் டயர் சூடேறிக் கெட்டுப்போகும் என்பதால், பேட்டரியில் இயங்கும் சிறிய கம்ப்ரஸர் ஒன்றும் ஏர்கேஜோடு இணைபிரியாமல் வண்டியில் இருக்கட்டும்.

இரண்டாவது மண்வெட்டி. நீண்ட பிடியுள்ளதாக, வண்டியின் அடிவயிற்றுக்குள் எட்டும்படியானதாக அது இருக்க வேண்டும். சக்கரத்தின் முன்னே மட்டும் தோண்டிவிட்டு வண்டியை எடுக்க முயல்வது புதியவர்களின் வழக்கம். உண்மையில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது, பின் அச்சின் நடுவில் பருத்திருக்கும் டிஃபரன்ஷியல் கூட்டின் முன்னே குவிந்து இறுகிய மணலே. தரையில் படுத்துப் பார்த்தால், அந்தக் கூடு மணற்குவியலில் முகம் பதித்து நிற்பது தெரியும். அதை ஒதுக்கி, நான்கு சக்கரங்களின் முன்னும் சரிவாக ஒரு பாதை வெட்டிக் கொடுத்தால், பாதி மீட்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. வெயிலில் மண் தோண்டுவதற்குச் சலித்து உடனே கயிற்றைத் தேடுபவர், மண்வெட்டி மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய பலத்தை எல்லாம் கயிற்றின்மேல் சுமத்துகிறார்.

பனையோலை செய்த வேலையை இன்று மணற்பலகைகள் செய்கின்றன; இவற்றின் பூர்வ சரித்திரம் லிபியப் பாலைவனத்தில் இருக்கிறது. 1920-களின் பிற்பகுதியில் எகிப்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்ட், விடுமுறை கிடைத்த போதெல்லாம் நண்பர்களோடு சாதாரண ஃபோர்டு கார்களில், எவரும் காரில் கடக்க முடியாதென்று கருதிய மணற்கடலுக்குள் புகுந்தார். கெய்ரோவின் பழைய இரும்புக்கடை ஒன்றில், முதல் உலகப்போரின்போது பதுங்குகுழிகளுக்குக் கூரையிடுவதற்கென்று செய்யப்பட்ட எஃகுத் தகடுகள், சுமார் ஐந்தடி நீளத்தில், நெளிந்த கால்வாய் வடிவில் கிடக்கக் கண்டு அவற்றை வாங்கிச் சென்றார். புதைந்த சக்கரங்களின் முன் அவற்றைப் பதித்து, கார் அவற்றின்மேல் ஏறிவரும் வேகத்திலேயே கெட்டியான தரையைப் பிடிக்கும்படி செய்தார். கொதித்து ஆவியாகும் ரேடியேட்டர் நீரைக் குழாய் வழியே ஒரு தகர டப்பாவிலிருந்த நீருக்குள் செலுத்திக் குளிரவைத்துத் திரும்பப் பெறும் ஏற்பாடும், காந்தத்தை நம்பாமல் நிழலைக் கொண்டு திசை காட்டும் சூரியக் கருவியும் அவர் கைப்பட்டுச் சீர்பெற்றவையே. 1940-இல் அவர் கட்டியமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படையின் லாரிகள் ஒவ்வொன்றிலும் இத்தகைய எஃகுத் தகடுகளும் துணிப்பாய்களும் தொங்கின. மறு ஆண்டு, காற்றில் பறக்கும் மணலின் பௌதிகத்தைப்பற்றி அவர் வெளியிட்ட நூல், செவ்வாய்க் கிரகத்து மணற்குன்றுகளை ஆராய்பவர்களும் எடுத்துப் படிக்கும் நூலாக இன்றும் நிலைத்திருக்கிறது. தன்னைப் புதைத்த மணலைப் பகையாக எண்ணாமல், அதன் சுபாவத்தை அறிய முற்பட்ட அந்த மனோபாவம் என்னை மிகவும் வசீகரிக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் விமான ஓடுதளங்களுக்காக அமெரிக்கர்கள் செய்த துளையிட்ட எஃகுப் பலகைகள், பத்தடி நீளமும் பதினைந்து அங்குல அகலமும் 66 பவுண்டு எடையும் கொண்டவை. போருக்குப்பின் பாலைவனப் பிரயாணிகள் அவற்றைத் துண்டாக்கி மணலேணிகளாகப் பயன்படுத்தினார்கள். 2005-இல் ஆஸ்திரேலியாவில் தோன்றிய நைலான் பலகைகளோ ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளத்தில், ஒற்றைக்கையால் தூக்கும் அளவுக்கு இலேசானவை. இவற்றின் ஒரே பலவீனம் உஷ்ணம். பலகையின்மேல் சக்கரத்தைச் சுழல விட்டால் அதிலுள்ள பற்கள் உருகிவிடும். ஆகவே பலகையை டயருக்கு அடியில் இறுகச் செருகி, முதல் கியரில், ஏறக்குறைய எஞ்சினின் சும்மா ஓட்டத்திலேயே ஏறவேண்டும்.

இனிக் கயிற்றுக்கு வருவோம்; சற்று நின்று நிதானமாகப் பேசவேண்டிய இடம் இதுவே. மற்றொரு வண்டியைக் கொண்டு இழுப்பதற்கென்று நீளும் தன்மையுள்ள நைலான் பட்டையும் கயிறும் விற்கிறார்கள். பட்டை ஐந்தில் ஒரு பங்கு, கயிறு அதற்கும் மேலாக நீண்டு, பிறகு சுருங்கி, புதைந்த வண்டியை மணலிலிருந்து உருவி எடுக்கின்றன. ஒரு கணக்கைப் பாருங்கள்: மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் எந்த வண்டியிலும், அதே வண்டியைத் தரையிலிருந்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான சக்தி இருக்கிறது, 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நான்கு மடங்காகி, ஒன்றரை மீட்டருக்கும் மேலே தூக்கப் போதுமானதாகிறது. அந்தச் சக்தியில் பெரும்பகுதி ஒரு கணம் கயிற்றுக்குள் அடங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் முனையில் பூட்டிய இரும்பு ஒன்று முறியுமானால், அது வில்லிலிருந்து விடுபட்ட அம்பாகிக் கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். டிரெய்லர் பூட்டும் குண்டுக் கொக்கியில் கயிற்றை மாட்டி இழுக்க, அது ஒடிந்து பறந்து உயிர்களைப் பலிகொண்ட விபத்துகள் ஆஸ்திரேலியாவில் நேர்ந்திருக்கின்றன. வண்டியைக் கப்பலிலோ லாரியிலோ ஏற்றிக் கட்டுவதற்கென்று அடியில் வைத்திருக்கும் வளையங்களும் இவ்வேலைக்கு ஆகா. சாஸியோடு போல்ட் போட்டு இறுக்கிய, தாங்கும் பாரம் குறித்த மீட்புக் கொக்கிகள் முன்னும் பின்னும் இல்லாத வண்டிக்கு நீளும் கயிறு வாங்குவதே தவறு. கயிற்றைவிட முதலில் கொக்கிக்குச் செலவிடுங்கள் என்று எவரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

கொக்கியையும் கயிற்றையும் இணைப்பது ஷாக்கிள். அதன் உடலில் பொறித்திருக்கும் எடையைப் படித்தபின் வாங்குங்கள்; பிக்கப்புகளுக்கு வழக்கமாகப் பயன்படும் முக்கால் அங்குல ஷாக்கிளில் 4.75 டன் என்று இருக்கும். எழுத்தே இல்லாத பளபளப்பான ஷாக்கிள், விலை எவ்வளவு மலிவானாலும், நம் கைக்கு வேண்டாம். அதன் பின்னை முழுவதும் திருகி இறுக்கிய பிறகு கால்திருகு பின்னுக்குத் தளர்த்தி வைப்பது அனுபவசாலிகளின் பழக்கம். பாரம் ஏறிய பின் மரை இறுகிக் கழற்ற முடியாமற் போவதை அது தவிர்க்கிறது. இழுக்கும் நேரத்தில் இரு டிரைவர்களைத் தவிர மற்ற அனைவரும், குழந்தைகளானால் முக்கியமாக, கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும். அருகில் நின்று போன் பிடித்துப் படமெடுக்கும் நண்பர்களை அதட்டியாவது அகற்றுவது டிரைவரின் கடமை.

தனியே செல்பவருக்கு இழுக்க இரண்டாவது வண்டி இல்லை; அவருக்குத்தான் வின்ச் மெய்யாகவே அவசியம். வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் சக்தி அதற்கு வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் அட்டையில் எழுதிய சக்தி, உருளையின் முதல் சுற்றடுக்குக்கு மட்டுமே பொருந்தும். மேலடுக்குகளில் அது குறைந்துகொண்டே போகும். கப்பி ஒன்றைச் சேர்த்து வடத்தைத் திருப்பி வண்டிக்கே கொண்டுவந்தால், வேகம் பாதியாகி இழுப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. அந்த இருமடங்கு பாரமும் கப்பியைத் தாங்கும் மரத்தின்மேலும் ஷாக்கிளின்மேலும் விழுகிறது என்பதை மறக்கக்கூடாது. மரத்தில் வடத்தை நேரே சுற்றினால் அதன் மேல்தோல் அறுந்து மரம் பட்டுவிடக்கூடும். அகன்ற பட்டையை மரத்தின் அடிப்பாகத்தில் சுற்றி அதில் பூட்டுவது மரத்துக்கு நாம் செய்யும் மரியாதை. வடத்தின் நடுவே கனமான போர்வையோ ஈரச்சாக்கோ போட்டு வைத்தால், அறுந்தாலும் அது பெரிதும் மேலெழும்பாமல் தரையில் விழக்கூடும்.

நெம்புகோல் போல உயர்ந்து நிற்கும் நீள ஜாக்கியைப் புதியவர்கள் தள்ளிவைப்பதே நலம். பாரத்தோடு அதன் கைப்பிடி திருப்பி அடித்தால் தாடை உடையும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழைக்குப் பின் இறங்குபவருக்கு இந்தக் கணக்குகளில் சில மாறும். நீரை உறிஞ்சி ஊதும் அந்தக் களிமண் டயரின் பள்ளங்களை நிரப்பி வழுவழுப்பாக்கிவிடுகிறது. காற்று இறக்குவதால் அங்கே மணலில் கிடைக்கும் பலன் கிடைப்பதில்லை. சக்கரத்தைக் கவ்வி உறிஞ்சி நிற்கும் சேற்றைச் சுற்றிலும் வெட்டிக் காற்றுப் புகவிட்டால்தான் அது பிடியைத் தளர்த்தும். மண் காயும் வரையில் இரண்டு நாள் காத்திருப்பதே அவ்விடத்து விவசாயிகள் சொல்லும் வழி. அவசரமில்லாதவர் அதைக் கேட்பது உத்தமம்.

வீடு திரும்பியதும் நைலான் கயிற்றை வாளித் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். இழைகளுக்குள் புகுந்த மணற்றுகள்கள் அடுத்த இழுப்பில் உள்ளிருந்தே அவற்றை அறுக்கும். வெளியே தேய்மானம் தெரிவதற்கு முன்பே கயிறு பலத்தை இழக்கத் தொடங்கியிருக்கும்.