காய்த்துப்போன பாதம் மரத்துப்போகுமா?

திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் அருகே பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை எட்டு மணி. வேலூர் சாலையில் அதற்குள் வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. பையில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்று வைத்திருந்தேன். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் அதிர்வு தெரிகிறதா என்று டாக்டர்கள் தட்டி வைத்துப் பார்க்கும் கருவி; தெரிந்தவரிடம் இரவல். வெறுங்காலில் நடந்து காய்த்த பாதம் மரத்துப்போய்விடும் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் பார்க்க வந்தேன்.

டீ 12 ரூபாய். கடையோரம் குடை விரித்திருந்த செருப்புத் தைப்பவரிடம் கையைக் காட்டச் சொன்னேன். வலது உள்ளங்கை நடுவில், ஊசிப்பிடி அழுந்தும் இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் காய்ப்பு. நூலைச் சுற்றி இழுக்கும் சுண்டுவிரல் ஓரத்தில் நீளமாக ஒரு கோடு. அரை அங்குலம் தள்ளினால் சாதாரணத் தோல். அவர் எந்த விரலால் இழுக்கிறார், எதை அழுத்துகிறார் என்பதெல்லாம் அந்தக் கையிலேயே தெரிந்தது.

“அது செத்த தோலு சார்” என்றார். மேலே இருப்பவை செத்த செல்கள்தான். ஆனால் அவற்றை அடுக்கி அனுப்புவது அடியில் இருக்கும் உயிருள்ள செல்கள். விட்டு விட்டு அழுத்தமும் உராய்வும் படும்போது அவை வேகமாகப் பெருகி, கெரட்டின் நிறைந்து, மேலேறி இறுகுகின்றன. பழகாத கையில் ஒரே நாளில் அந்த உராய்வு விழுந்தால் காய்ப்பு வராது, கொப்புளம்தான் வரும்.

அழுத்துவது ஒரு செல்லுக்கு எப்படித் தெரியும்? கலிபோர்னியாவில் ஆர்டெம் படபூட்டியன் குழு நுண்ணிய கண்ணாடிக் குழாயால் செல்லைக் குத்தியது. குத்தும்போது எழும் சிறு மின்னோட்டத்தை அளந்தது. சந்தேகப்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டே வந்தார்கள். 72ஆவதை அடக்கியதும் மின்னோட்டம் நின்றது. அழுத்தத்தை உணரும் பியேசோ1 அகப்பட்டது அப்படித்தான், 2010இல். தோலில் தொடுவதை நரம்புக்குச் சொல்வது அதன் உடன்பிறப்பான பியேசோ2. 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த 71 தோல்விகளை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

ஷேர் ஆட்டோவில் 15 ரூபாய் கொடுத்து ஈசான்ய லிங்கம் பக்கம் போனேன். கிரிவலப் பாதையில் கீரை விற்கும் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். செருப்பே போட்டதில்லையாம். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு, விரலடியில் மஞ்சள் பாய்ந்த தடிப்பு. நகத்தால் தட்டினால் டக்கென்று கேட்டது.

“என்னா பண்ணப்போற இத வச்சி?” என்றார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். தட்டிக் குதிகாலில் வைத்தேன்.

“ஜிவ்வுங்குது.”

தட்டாமல் வைத்தேன். “இப்ப ஒண்ணுமில்ல.” இடம் மாற்றி, முறை மாற்றி வைத்துப் பார்த்தேன்; ஒருமுறைகூடத் தவறவில்லை. தடிப்பு கெட்டியாக இருப்பதால் அதிர்வை உறிஞ்சிவிடாமல் அடியில் இருக்கும் நரம்புக்குக் கடத்திவிடுகிறது. கென்யாவில் வெறுங்காலில் நடப்பவர்களையும் செருப்புப் போடுபவர்களையும் ஒப்பிட்டு 2019இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வும் இதையே சொன்னது. அல்ட்ராசவுண்டால் தடிப்பை அளந்திருந்தார்கள். அது கூடியதால் உணர்ச்சி குறையவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், தானாகவே செருப்பைக் கழற்றினார். மெத்தென்ற பாதம், ஒரு காய்ப்பு இல்லை. கட்டைவிரலில் வைத்தேன். “வச்சிட்டீங்களா?” என்று கேட்டார். இன்னொரு முறை ஓங்கித் தட்டி வைத்தும் தெரியவில்லை. கணுக்காலுக்கு ஏற்றிய பிறகுதான் தலையாட்டினார். சர்க்கரை பன்னிரண்டு வருடமாக இருக்கிறதாம். மரத்துப்போன பாதம் இதுதான்: தோல் மிருது, நரம்புதான் போய்க்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட காலில் காய்ப்பு வந்தால் அடியில் புண் வைத்தாலும் வலி சொல்லாது.

வரும் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டரும் வெறுங்காலில் நடப்பதாக வேண்டுதல் என்றார். அதற்கு முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பாதத்தைக் காட்டச் சொன்னேன். நடந்தே தீருவதென்றால் தார் ஆறிய பிறகு, இரவில் நடங்கள். முடித்ததும் வெளிச்சத்தில் யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். கீரைக்கார அம்மா குறுக்கிட்டு, “ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே போ” என்றார் அவரிடம்.