விளக்கெண்ணெயும் வண்டியெண்ணெயும்

2022 ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அரசு அறிவித்தது. பதுளைத் தோட்டப்புறங்களில் டீசல் என்பது வெறும் வண்டியெண்ணெய் அன்று. கொழுந்து ஆலைக்குச் செல்வதும், கர்ப்பிணித் தாய் மலையிறங்கி ஆசுபத்திரியை அடைவதும் அதனாலேயே. “தேங்காயெண்ணெயில் லொறி ஓடாதோ?” என்று அந்நாட்களில் எம்மவர் பாதி வேடிக்கையாகக் கேட்டனர். கலைப்பீட மாணவனாகிய என்னை விஞ்ஞான நூல்களைப் புரட்டச் செய்தது அக்கேள்வியே.

ஓடும் என்பதே விடை. 1900 இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் இயங்கிற்று. ஆயினும் தாவர எண்ணெயின் பிசுக்குமை டீசலினதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. நாளடைவில் அது எந்திரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும். எனவே சோடியம் ஐதரொட்சைட்டு ஊக்கியாக நிற்க, எண்ணெயை மெதனோலுடன் தாக்கமுறச் செய்வர். கிளிசரோல் அடியில் தங்கும். மேலே மிதக்கும் எசுத்தரே உயிரி டீசல். அதன் பிசுக்குமை டீசலை அண்மிக்கும். அது 100 பாகை செல்சியசுக்கு மேலேயே தீப்பற்றுமாதலின் சேமித்தல் எளிது. கந்தகமும் மிகக் குறைவு. குறைகளும் உள. நிறைக்கு நிறை நோக்கின் அதன் வெப்பப் பெறுமானம் பத்திலொரு பங்களவு குறையும். பாம் எண்ணெயிலிருந்து பெற்ற எசுத்தரோ ஏறத்தாழ 15 பாகையிலேயே கலங்கத் தொடங்கும். பண்டாரவளையின் மார்கழிக் குளிருக்கு அது ஏற்றதன்று.

ஆனால் எண்ணெய்க்கு நிலம் எங்கே? 2017 இற்குள் 20 வீத உயிரி எரிபொருள் என இந்தியா 2009 இல் இலக்கு வகுத்தது. காட்டாமணக்கு தரிசு நிலத்தில் எதிர்பார்த்த விளைவைத் தரவில்லை, இலக்கும் எட்டப்படவில்லை.

ஊவா மலைகளில் காடழிந்து கோப்பியாயிற்று; 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி வீழ்ந்தபின் தேயிலையாயிற்று. ஒவ்வொரு முறையும் எப்பயிர் இலாபம் என்று கேட்டனரேயன்றி, நட்ட கைகளைக் கேட்டாரில்லை. லயத்தில் தலைமுறைகளைக் கழித்தும் காணியுரிமை காணாதோர் இன்னும் இருக்கையில், எரிபொருட் பயிருக்கு நிலம் ஒதுக்குவது பழைய கதையின் புதிய அத்தியாயமே ஆகும்.

நிலம் கேளாத எண்ணெயும் உண்டு. உணவகங்களில் பொரித்து எஞ்சுவது ஒன்று; மொனராகலை இறப்பர்த் தோட்டங்களில் உதிரும் விதைகளிலிருந்து பெறுவது மற்றொன்று. பின்னதில் கட்டற்ற கொழுப்பமிலம் மிகுதியாதலின், அதனை முதலில் பதப்படுத்தாவிடின் சவர்க்காரமே மிஞ்சும். இவற்றாற் கிட்டுவது சொற்பமே. எனினும் அச்சொற்பம் எவர் காலடி மண்ணையும் பறிப்பதில்லை.